திருப்பிக் கொடுத்த பாயிண்ட்: பினாங்கில் மூன்று நாள்

டோக்கியோ நேரப்படி காலை எட்டு மணிக்குத் தைப்பிங் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். பழைய நேரத்துக்கு அது ஆறரை. ஜப்பான்காரர்கள் வந்த பிறகு மலாயா முழுவதும் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். சூரியனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை போலிருக்கிறது, எட்டு மணிக்கும் பிளாட்பாரம் இருட்டாகத்தான் கிடந்தது.

1944ஆம் வருஷம். போகிற காரியம் என்னவென்று சொன்னால் இப்போது சிரிப்பீர்கள். பிங்பாங் விளையாடப் போனோம். அதுவும் சாதாரண ஆட்டமில்லை. ஜப்பான், சீனா, மலாயா, இந்தியா என்று நான்கு தேசத்து ஆண்கள் அணிகள் மோதும் சர்வதேசப் போட்டி என்று பினாங்கில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இந்தியா நாங்கள்தான். எங்கள் அணியில் மூன்று பேர். நான் தைப்பிங்கில் பிறந்து வளர்ந்தவன், ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. அணித் தலைவர் பொன்னுத்துரை அண்ணன் அதே ஆபீசில் எனக்கு மேலே இருந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். மூன்றாமவர் காதர் மைதீன், பினாங்கிலேயே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். மூவரில் ஒருவர்கூட இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. யார் கேட்கப்போகிறார்கள்?

உண்மையில் என் இடத்தில் விளையாட வேண்டியவன் செல்வராசா. பொன்னுத்துரை அண்ணனின் ஒரே தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், என் வயசுக்காரன். எங்கள் கிளப்பில் அவனை ஜெயிக்க ஆளில்லை. வீட்டில் ரேடியோ ஒளித்து வைத்துக் கேட்கிறான் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். ராணுவப் போலீசார் அள்ளிக்கொண்டு போனார்கள். பினாங்குச் சிறையில் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். நான்கு மாதமாகி விட்டது. பார்க்க விடவில்லை, கடிதமும் இல்லை. ஆக, நாங்கள் பிங்பாங் விளையாடப் போனோம் என்பது பயண அனுமதிச் சீட்டுக்காகச் சொன்ன காரணம். அண்ணன் போனது தம்பியைக் கேட்க.

தம்பியை விடச்சொல்லி ஒரு மனு அவர் சட்டைப்பையில் இருந்தது. ஜப்பானிய எழுத்து படித்த ஒருவரிடம் கெஞ்சி எழுதி வாங்கியது. ரயில் பெட்டியில் உட்கார்ந்த நேரமெல்லாம் அவர் வலது கை அந்தப் பையின் மேலேயே இருந்தது. நிலக்கரி இல்லாததால் என்ஜினுக்கு விறகு போட்டு எரித்தார்கள். ஜன்னல் வழியாகப் பொறி பறந்து வந்தது. எதிரே இருந்த ஒரு சீன அம்மாளின் குடையில் ஓட்டை விழுந்தது. அண்ணன் மட்டும் நெருப்பு வந்த பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சட்டைப்பை பத்திரம்.

பகல் ஒரு மணிக்குப் புக்கிட் மெர்த்தாஜாம். ராணுவச் சரக்கு வண்டி போகட்டும் என்று எங்களை ஓரங்கட்டிவிட்டு இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். வெந்த மரவள்ளிக்கிழங்கு, ஓர் இலைத் துண்டில் நாலு விரல் அளவு, இரண்டு வெள்ளி. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டைக் கொடுத்து வாங்கித் தின்றோம். போருக்கு முன்னால் அந்த இரண்டு வெள்ளிக்கு நாங்கள் இரண்டு பேரும் வயிறு முட்டக் கோழிக்கறி தின்றிருப்போம். அதைச் சொல்லி என்ன செய்ய.

பிறை ஸ்டேஷனில் இறங்கியபோது மணி நாலு. அறுபது மைலுக்கு எட்டு மணி நேரம். படகுத்துறையில் காவல் நின்ற சிப்பாய்க்கு இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும்; எனக்கு முன்னால் போன ஒருவர் குனிந்தது போதவில்லை என்று பளாரென்று ஓர் அறை வாங்கினார். நான் தேவைக்கு மேலேயே குனிந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அடி வாங்கவில்லை. முன்பிருந்த பெரிய ஃபெரிப் படகுகள் ஓடவில்லை. சின்ன நீராவிப் படகு ஒன்று, அதில் ஆட்டை அடைத்தமாதிரி ஜனம். இரண்டு மைல் கடல் தாண்டி ஜார்ஜ் டவுனில் கால் வைத்தோம்.

முன்பெல்லாம் பினாங்கில் இறங்கினால் முதலில் சத்தம்தான் வந்து மோதும். ரிக்‌ஷாக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். அன்றைக்குத் துறைமுகத் தெருவில் எங்கள் செருப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. முதல் வருஷம் குண்டு விழுந்த கட்டடங்கள் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே செடி முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தது.

மாலை ஆறு மணி. சூலியா தெருவில் காதரின் கடை. பெரிய பெரிய குழம்புச் சட்டிகள் கவிழ்த்து வைத்திருந்தன. அரிசி இல்லை, மீன் எப்போதாவது. கேழ்வரகுக் கஞ்சியும் கருவாடும் வைத்தார்.

“சாப்பிடுங்கண்ணே. இதுக்கு மேல இந்தக் கடையில ஒண்ணும் இல்ல லா,” என்றார் காதர், பினாங்கு வழக்கப்படி கடைசியில் ஒரு ‘லா’ சேர்த்து.

அண்ணன் கிண்ணத்தைத் தொடவில்லை. “அந்தக் கப்டன் எப்படி ஆள்?”

போட்டியை நடத்துகிறவர் ஒரு ஜப்பானிய ராணுவக் கப்டன். ஊரில் காலேஜில் படித்த காலத்தில் பெரிய பிங்பாங் ஆட்டக்காரராம். சிறை விவகாரத்திலும் அவர் சொன்னால் எடுபடும் என்றார் காதர்.

“கெட்டவன்னு சொல்ல முடியாதுண்ணே. பிங்பாங்னா உசிர விடுவான். போன தடவ ஆட்டம் முடிஞ்சு நாலு அணித் தலைவருக்கும் டீ குடுத்தான். மலாய் அணித் தலைவர் அங்கயே மனுவ நீட்டிட்டாரு. மறுநாளே ஜெயில்ல இருந்த அவரு மாமா வீட்டுக்கு வந்துட்டாரு. என் கண்ணால பார்த்தேன்.”

“தோத்தாலும் டீ உண்டோ?”

“தோத்தாலும் உண்டு, ஜெயிச்சாலும் உண்டு. ஒண்ணே ஒண்ணு, வேணும்னே விட்டுக் குடுத்து மட்டும் ஆடிடாதீங்க. போன தடவ ஒருத்தன் ஜப்பான் சிப்பாய்க்குப் பயந்து பந்த வெளிய வெளிய அடிச்சான். கப்டன் கண்டுபிடிச்சிட்டான். எல்லாரு முன்னாடியும் அறைஞ்சான் பாருங்க! நெஜமா ஆடுங்க, அது போதும்.”

அண்ணன் முகத்தில் நான்கு மாதத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. “நிசமா விளையாடத்தானே எங்களுக்குத் தெரியும், என்ன தம்பி?” என்று என் முதுகில் தட்டினார். பிறகு அந்தக் கஞ்சியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

இரண்டாம் நாள் விடிந்ததும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் அண்ணன். நாலு மைல், பஸ் கிடையாது, நடந்தே போனோம். படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. கிழங்கு தின்ற உடம்பு. முருகனுக்கு முன்னால் நின்று மனுவை எடுத்து ஒரு நொடி காட்டிவிட்டுத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். நான் வேண்டிக்கொண்டதும் அவனுக்காகத்தான். இன்னொன்றும் வேண்டிக்கொண்டேன், நான் எதையும் கெடுத்துவிடக் கூடாது என்று.

பகல் மூன்று மணி. ஆட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஜன்னல் கண்ணாடிகள் எப்போதோ உடைந்து சாக்குத் துணி தொங்கியது. நடுவில் மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு. கூட்டம் நெரிந்தது. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சிகரெட் என்று சொல்லியிருந்தார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் கலந்து உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் அந்தச் சிகரெட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

கைதட்டலுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு சிப்பாய் சின்னக் கொடி ஒன்றை வைத்துக்கொண்டு மேடையில் நின்றான். கொடி மேலே போனால் தட்ட வேண்டும், கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும். ஜனங்களும் பழகிப்போய் அதன்படியே தட்டினார்கள், நிறுத்தினார்கள். கேட்கச் சகிக்கவில்லை.

கப்டனைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். ஒரு பெட்டியைத் திறந்து புதுப் பந்து மூன்றை எடுத்து வைத்தார். நாங்கள் மூன்று வருஷமாகப் புதுப் பந்தைப் பார்த்ததில்லை. நசுங்கிய பந்தை வெந்நீரில் போட்டு உப்ப வைத்து, அது கோணலாக எழும்புவதற்கும் சேர்த்து ஆடிப் பழகியவர்கள். அந்தப் புதுப் பந்தைக் கையில் வாங்கியபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பாழாய்ப் போன மனசு.

எங்களுக்குச் சீன அணியோடு முதல் ஆட்டம். அணிக்கு மூன்று பேர், ஒவ்வொருவரும் எதிரணியில் மூன்று பேரோடும் ஆட வேண்டும். ஒன்பது ஆட்டத்தில் ஐந்தை முதலில் ஜெயிக்கிற அணிக்கு வெற்றி, தோற்ற அணி அதோடு வெளியே. நடுவர் நாற்காலியில் கப்டனே ஏறி உட்கார்ந்தார். அண்ணன் இரண்டு ஜெயித்தார், காதர் ஒன்று, நான் ஒன்று. நாலுக்கு நாலு. ஒன்பதாவது ஆட்டம் என்னுடையது. எதிரே ஆ செங் என்று ஒரு தச்சர், நாற்பது வயசு, அலட்டிக்கொள்ளாமல் ஆடுகிறவர். ஆளுக்கொரு செட். மூன்றாவது செட்டில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.

இங்கே எங்கள் கிளப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடுவர் கண் தவறி, உனக்குச் சேராத பாயிண்டை உனக்குக் கொடுத்துவிட்டால் நடுவரோடு வாதாடக் கூடாது. அது மரியாதையில்லை. அடுத்த பந்தை யாரையும் பார்க்காமல் வலையில் அடித்துவிட வேண்டும். கணக்குச் சரியாகிவிடும், நடுவருக்கும் அவமானமில்லை. தைப்பிங், ஈப்போ, பினாங்கு எங்கும் பிங்பாங் கிளப் என்றால் இது உண்டு. கற்றுக்கொடுப்பதெல்லாம் கிடையாது, பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்துவிடும்.

நான் சர்வ் போட்டேன். நாலைந்து தடவை பந்து போய் வந்தது. ஓங்கி ஒன்று அடித்தேன். பந்து அவர் பக்கத்து மேசையின் மேல் விளிம்பில் படவில்லை, அதற்குக் கீழே பக்கப் பலகையில் பட்டுத் தரைக்குப் போனது. நான் பார்த்தேன். ஆ செங் பார்த்தார். அந்தப் பக்கத்துப் பெஞ்சில் இருந்த நூறு பேரும் பார்த்தார்கள். கப்டன் உட்கார்ந்திருந்தது மறுபக்கம். அவருக்கு மேசை மறைத்தது. விளிம்பில் பட்டது என்று எனக்குப் பாயிண்டைக் கொடுத்துவிட்டார். இருபது, பத்தொன்பது. கொடி மேலே போனது, தட்டினார்கள், இறங்கியது, நிறுத்தினார்கள்.

அடுத்த சர்வும் என்னுடையதுதான். இந்த இடத்தை எத்தனை ஆயிரம் முறை நினைத்துப் பார்த்திருப்பேன்! யோசித்துச் செய்தேன் என்றால் வீரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. பந்தை எடுத்தேன், தலையைக் குனிந்தேன், நேராக வலையில் அடித்தேன். இருபதுக்கு இருபது.

ஆ செங் லேசாகத் தலையை ஆட்டினார். அதோடு முடிந்திருக்கும். பின்பெஞ்சில் யாரோ தட்டினார்கள். பிறகு பக்கத்தில் இன்னொருவர். பிறகு மண்டபம் முழுவதும் தட்டியது. கொடி ஏறவே இல்லை. சிப்பாய் கொடியையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். பினாங்கு ஜனங்கள் மூன்று வருஷத்தில் யாரும் சொல்லாமல் தாங்களாகத் தட்டிய கைதட்டல் அதுவாகத்தான் இருக்கும். ஒரு கிழவர் எழுந்து நின்று தட்டினார். அந்த நிமிஷம் பெருமையாகவே இருந்தது, மறைக்கவில்லை. திரும்பிப் பொன்னுத்துரை அண்ணனைப் பார்த்தேன். அவர் தட்டவில்லை. அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

கப்டன் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வந்து, “வேணும்னு வலையில அடிச்சியான்னு கேக்குறாரு,” என்றார்.

“இல்ல. கை வழுக்கிருச்சு,” என்றேன். பொய் சொன்னேன். கைதட்டலுக்கு முன்னால் சொல்ல வேண்டிய பொய்யை ஒரு நிமிஷம் பிந்திச் சொன்னேன்.

கப்டன் என் கையைப் பார்த்தார். பிறகு ஆ செங்கின் பக்கம் போய்க் குனிந்து, அந்தப் பக்கப் பலகையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். ஆட்டம் தெரிந்தவர் அல்லவா, இருபது பத்தொன்பதில் யாரும் அப்படிச் சர்வ் போடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். கூட்டம் எதற்குத் தட்டியது என்பதும் விளங்கியிருக்கும். ஸ்கோர் அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு தீர்ந்து போயிருக்குமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கணக்குச் சொன்னார். அடுத்த இரண்டு பாயிண்டையும் விட்டேன்; பந்தே கண்ணுக்குத் தெரியவில்லை. யாரும் தட்டவில்லை, சிகரெட்டும் கொடுக்கவில்லை. ஆறு மணிக்கு ஓர் ஆள் வந்து, டீ கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று இரவு காதர் கடைக்குத் திரும்பினோம். காதர்தான் பொறுக்கமாட்டாமல், “என்னா தம்பி இப்படிப் பண்ணிட்டீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?” என்றார். அண்ணன் கையை உயர்த்தி, “விடு காதர், நாளைக்கு நேரில போய்ப் பார்ப்பம்,” என்றார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி. கப்டனின் ஆபீஸ் வாசல். நானும் அண்ணனும் குனிந்து வணங்கிவிட்டு வெயிலில் நின்றோம். அண்ணன் மனுவை உறையில் போட்டு மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுத்திருந்தார். மூன்று மணி நேரம். உட்கார விடவில்லை. எனக்குக் கால் மரத்துப் போனது. அண்ணன் அசையவில்லை. வாசல் திறக்கும்போதெல்லாம் நிமிர்வார்.

பன்னிரண்டு மணிக்கு மொழிபெயர்ப்பாளர் வந்தார். உறை ஒட்டியபடியே இருந்தது.

“கப்டன் பார்க்கமாட்டாராம்,” என்றார். அண்ணன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்: “எது சரி, எது தப்புன்னு நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கிறீங்களாம். அப்புறம் அவர்கிட்ட எதுக்குக் கேக்க வர்றீங்கன்னு கேக்குறாரு.”

அண்ணன் உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மறுபடி குனிந்து வணங்கினார். அந்த வணக்கத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சிறை அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்த மதிலை ஒட்டிய தெருவழியாகத்தான் படகுத்துறைக்கு நடந்தோம், சுற்றுவழி என்று தெரிந்தும். மதில் முடிகிற வரைக்கும் அவர் மெதுவாக நடந்தார்.

மூன்று மணிப் படகு. கூட்டம் குறைவு, பின்பக்கம் உட்கார இடம் கிடைத்தது. மலையின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது. பாதிக் கடல் தாண்டியிருப்போம். எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, என்னை ரெண்டு அடி அடிச்சிருங்க,” என்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அந்தப் பந்து பக்கப் பலகையிலதான் பட்டதோ?”

“ஆமாண்ணே.”

“வடிவாப் பார்த்தனியோ?”

“நல்லாப் பார்த்தேன்.”

“ம்,” என்றார். “செல்வராசா நிண்டிருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான். அதுதான் எனக்கு உன்னில கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு,” என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுற்றி இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் படகில் அழுகிறவர் தினமும் யாராவது ஒருவர் இருப்பார்.

பினாங்குக்குப் போனவர்கள் மலை அழகு, கடல் அழகு, கோயில் அழகு என்று எழுதுகிறார்கள். எல்லாம் உண்மைதான், நீங்களும் போய்ப் பாருங்கள். தைப்பிங்கிலும் மலை உண்டு, மழையும் உண்டு. எனக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது. நான் பிறகு பினாங்குக்குப் போகவில்லை.

போர் முடிந்து சிறைக் கதவுகளைத் திறந்த வாரம் அண்ணன் தனியாகப் போய்வந்தார். உள்ளே வந்தவர்களின் பட்டியலில் தம்பியின் பெயர் இருந்ததாம், வெளியே போனவர்கள் பட்டியலில் இல்லையாம். செத்தவர்கள் பட்டியல் என்று ஒன்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் வழக்கம்போல் ஆபீசுக்கு வந்தார். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மகன் பிறந்தான். அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையைக் கையில் வாங்கி வெகு நேரம் வைத்திருந்தார். பெயர் யோசித்தாயா என்று கேட்டார்.

“செல்வராசான்னு வைக்கலாம்னு இருக்கேன்,” என்றேன். மூன்று நாளாக இதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

அவர் குழந்தையை என் மனைவியின் பக்கத்தில் பதனமாகக் கிடத்தினார்.

“அது வேண்டாம் தம்பி,” என்றார். “அவன் வந்தால் ரெண்டு பேரையும் எப்படிக் கூப்பிடுறது?”